நனிசைவம் என்று சொல்லாதீர்கள்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'வீகன்' என்பதற்குத் தமிழில் 'நனிசைவம்' என்று ஒரு சொல் போட்டிருக்கிறார்கள். நனி என்றால் மிகுதி. அதாவது சைவத்துக்கும் மேல ஒரு படி. ஏற்கனவே இருக்கிற ஏணியில இன்னொரு படி. நம்ம பிள்ளைகள் இதைக் கேட்டதும் 'பார்ப்பனியத்தோட புது வேஷம்' என்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் யாரோ வைத்த பெயரைக் கொண்டு அந்த மனிதர்களை எடை போட முடியாது. அவங்க ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு முதல்ல கேட்போம்.

1944 நவம்பர், இங்கிலாந்து. டொனால்ட் வாட்சன் ஒரு மரவேலை ஆசிரியர். போருக்குப் போக மறுத்தவர். சின்ன வயதில் உறவினரின் பண்ணையில் பன்றி அறுப்பதைப் பார்த்தவர். 14 வயதில் இறைச்சியை விட்டார், பிறகு பாலையும் விட்டார். அங்கிருந்த வெஜிடேரியன் சங்கம், பால் மறுப்பவர்களுக்குத் தன் பத்திரிகையில் தனிப்பகுதி ஒதுக்கவில்லை. எல்சி ஷ்ரிக்லியும் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து தனிச் சங்கம் கண்டார்கள். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்து, கடைசி இரண்டு எழுத்து, ஒட்டினால் வீகன். நடுவுல இருந்ததை வெட்டி எறிஞ்சுட்டாங்க.

அவர்கள் கேட்டது எளிய கேள்வி. கன்று ஈன்றால்தான் பசு பால் தரும். பிறந்தது காளைக்கன்று என்றால் அது எங்கே போகிறது? பால் வற்றிய மாடு எங்கே போகிறது? பாலும் கறியும் ஒரே தொழுவத்தின் இரண்டு வாசல்கள். இந்தக் கேள்வியை நம்ம ஊர்ச் சைவத்திடம் கேட்டுப் பாருங்கள். நெய்யும் தயிரும் இல்லாமல் அது ஒரு வேளை தாங்குமா? சபாவில் முழங்குகிற மிருதங்கத்தில் இருப்பது யார் உரித்த மாட்டின் தோல்? வீகன் சைவத்தின் மேல்படி அல்ல, சைவத்தின் மீதான குற்றப்பத்திரிகை.

வேறு காரணங்களும் உண்டு. கால்நடை வளர்ப்பு, மனிதர்கள் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் கணக்கிட்டது. அதற்காக விடுகிறவர்கள் உண்டு. உடம்புக்காக விடுகிறவர்களும் உண்டு. அவர்கள் வைட்டமின் பி12ஐ மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். கறுப்பின உரிமைப் போராளி டிக் கிரிகோரி, இயக்கத்தில் கற்ற வன்முறை மறுப்பை விலங்குவரை நீட்டி 1960களில் இறைச்சியை விட்டார். ஏஞ்சலா டேவிஸும் வீகன்தான். ஒடுக்கப்பட்டவர்கள் இதைத் தொடவில்லை என்று சொல்ல முடியாது.

மறுப்பு நமக்கும் புதுசு இல்லை. 1927இல் மகாதில், செத்த மாட்டின் கறியை உண்ணாதீர்கள் என்றார் அம்பேத்கர். புனிதம் கெடும் என்பதற்காகச் சொன்னதல்ல, சுயமரியாதைக்காகச் சொன்னது. 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு நம் மக்கள் அங்கே செத்த மாட்டைத் தொடமாட்டோம் என்று நின்றார்கள். அதுவும் மறுப்பு.

ஆகவே யார் மறுக்கிறார்கள், யாருடைய தட்டைப் பார்த்து மறுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். 2015இல் தாத்ரியில் மாட்டுக்கறி வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். 2021இல் கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை தந்தபோது மடாதிபதிகள் சிலர் கூடாது என்றார்கள். இது மறுப்பு இல்லை, பறிப்பு. தட்டில் ஏதாவது இருக்கிறவன்தான் மறுக்க முடியும். பசித்தவனுக்கு உபதேசம் செய்வது வன்முறை. வீகன் சங்கத்தின் வரையறையிலேயே 'இயன்றவரை, நடைமுறைக்கு உகந்தவரை' என்ற பொருளில் ஒரு வரம்பு இருக்கிறது. அதை மறந்துவிட்டு சேரியில் வந்து பிரசங்கம் பண்ணுகிற வீகனிடம் நாம் சண்டைதான் போட வேண்டும்.

உங்களில் யாராவது பாலையும் கறியையும் விட நினைத்தால் தாராளமாக விடுங்கள். அது உங்கள் தேர்வு. ஆனா பக்கத்துல பீப் பிரியாணி சாப்பிடுற தோழரோட அதே பந்தியில உட்காருங்க. தனி இலை கேளுங்க, தனிப் பந்தி கேட்காதீங்க. அப்புறம், அந்தச் சொல்லை மட்டும் மாத்திடுங்க. நமக்கு இன்னொரு படி வேண்டாம்.