சீட்டும் சிந்தையும்: புதிதாகப் போக்கர் பயில்வோர்க்குச் சில சொற்கள்

(சயான் குடியிருப்பில் நிகழ்ந்த சனிக்கிழமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் மேடையில் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று முன்வரிசையில் அமர்ந்துள்ள இரண்டொரு பெரியவர்கள் புருவத்தை நெரிப்பதை நான் காணாமலில்லை. திருவள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கிப் பத்துக் குறளில் அதனைக் கடிந்திருக்கிறார். அந்தப் பத்தையும் சிறுவயதில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். அப்பரிசு பெற்றவனே பிற்காலத்தில் என்ன செய்தான் என்பதையும் இன்று மறைக்கப் போவதில்லை.

நம் இளைஞரணியினர் என்னிடம் வந்து, “ஐயா, ரம்மி எங்களுக்குத் தெரியும், போக்கர் கற்றுக்கொடுங்கள்” என்று கேட்டனர். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர்கள் வேறிடத்தில் கற்றிருப்பார்கள், அங்கே கட்டணமும் மிகுதியாக இருந்திருக்கும். ஆதலின் இசைந்தேன்.

நம்மில் பலர் சீட்டுப் பிடிக்கக் கற்றது இரயிலில்தான். சயானில் ஏறி, மாதுங்கா, தாதர், பரேல், பைகுல்லா என்று வி.டி. சேரும் வரையிலான அரைமணிப் பயணத்தில், நான்கு பேர் முழங்கால்களின்மேல் ஒரு கைப்பெட்டியைக் கிடத்தி, அதன்மேல் ரம்மி ஆடுவது அந்நாளைய வழக்கம். அந்த ஆட்டத்தில் நாம் அறியாமலே ஒரு பாடம் படித்தோம். நூற்றொன்று ஆட்டத்தில், கையில் வந்த பதின்மூன்று சீட்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையாயின், தொடக்கத்திலேயே ‘ஸ்கூட்’ சொன்னால் 20 புள்ளி, நடுவில் விலகினால் 40, பிடிவாதமாக இருந்து அகப்பட்டுக்கொண்டால் 80 வரை போகும். விலகுவதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அது விலகாமைக்குரிய விலையைவிடக் குறைவு. போக்கரில் தேர்ச்சி என்று சொல்லப்படுவதில் சரிபாதி இவ்வளவே. புதிதாக ஆடுவோர் செய்யும் பிழைகளைக் கூர்ந்து நோக்கினால், தவறான சீட்டை ஆடியதைக் காட்டிலும், விடவேண்டிய சீட்டை விடாமல் பிடித்திருந்ததே மிகுதியாகக் காணப்படும்.

இனி ஆட்டத்தைச் சொல்லுகிறேன். இன்று பெரிதும் ஆடப்படும் முறையில் ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு, மேசையின் நடுவில் எல்லார்க்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பொதுச்சீட்டுகள் முதலில் மூன்றும், பின்னர் ஒன்றும், இறுதியில் ஒன்றுமாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், விலகலாம். ஏழு சீட்டிலிருந்து சிறந்த ஐந்தைத் தேர்ந்து ஒப்பிட வேண்டும்.

தீபாவளிக்கு மூன்று சீட்டு ஆடிப் பழகியவர்கள் இங்கே ஓரிடத்தில் இடறுவார்கள். மூன்று சீட்டில் தொடர்ச்சீட்டு ஒரே இனச் சீட்டை வெல்லும். போக்கரிலோ ஒரே இனச் சீட்டு தொடரை வெல்லும். இது ஏன் என்று என் மகன் சிறுவனாயிருந்தபோது கேட்டான். காகிதமும் பென்சிலும் கொண்டு கணக்கிட்டோம். மூன்று சீட்டுக் கைகள் மொத்தம் 22,100. அவற்றுள் வெறுந்தொடர் 720, ஒரே இனம் 1,096. ஐந்து சீட்டுக் கைகள் மொத்தம் 25,98,960. அவற்றுள் வெறுந்தொடர் 10,200, ஒரே இனம் 5,108. அரிதானது உயர்ந்தது, அவ்வளவே. (மூன்று சீட்டில், மூன்று ஆசு போன்ற ஒத்த கைகள் 52, ஒரே இனத் தொடர் 48. ஆயினும் முன்னதுதான் உயர்வென்று வழங்குகிறது. வழக்கம் எப்போதும் கணக்கைக் கேட்டு வருவதில்லை.)

மறைவான இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். பதினேழு முறைக்கு ஒருமுறைதான் ஜோடி வரும். ஆசு ஜோடியோ 221 முறைக்கு ஒன்று. ஒருவர் மாலை முழுதும் அமர்ந்தும் அதனைக் காணாது எழுந்துபோகலாம். ஆகையால் “நல்ல சீட்டே வரவில்லை” என்று வருந்துவதில் பொருளில்லை. அதுவே இயல்பு. வராத காலத்தில் எவ்வளவு குறைவாக இழந்தோம் என்பதுதான் ஆட்டக்காரரின் அளவுகோல்.

ஓர் எடுத்துக்காட்டு. பணத்துக்குப் பதில் புளியங்கொட்டை வைத்துச் சொல்லுகிறேன். உங்களிடம் இரண்டு இஸ்பேட், நடுவில் நான்கு சீட்டு திறந்துவிட்ட நிலையில் அங்கும் இரண்டு இஸ்பேட். இன்னும் ஓர் இஸ்பேட் வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி என்று கொள்வோம். நீங்கள் காணாத சீட்டு 46, அவற்றுள் இஸ்பேட் 9. ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. எதிராளி 20 கொட்டை வைக்கிறார். அதையும் சேர்த்து நடுவில் 40 இருக்கிறது. நீங்களும் 20 வைத்தால் மொத்தம் 60, அதாவது மூன்றில் ஒரு பங்கை நீங்கள் இடுகிறீர்கள். ஐந்துக்கு ஒன்று கிடைக்கும் பொருளுக்கு மூன்றில் ஒன்று விலை கொடுப்பது எந்தக் கடையில் நியாயம்? விலகுங்கள். அதே 20 கொட்டைக்கு நடுவில் 120 குவிந்திருந்தால் உங்கள் பங்கு ஏழில் ஒன்று. அப்போது தாராளமாக வைக்கலாம், தோற்றாலும் அது பிழையன்று. மாட்டுங்கா சந்தையில் முருங்கைக்காய்க்கு விலைபேசும் நம் வீட்டுப் பெண்கள் இக்கணக்கை எங்களைவிட விரைவில் பற்றிக்கொள்வார்கள் என்பது என் அனுமானம்.

அடுத்து, அமரும் இடம். கடைசியாகப் பேசுகிறவர் மற்றவர்கள் செய்ததைக் கண்டபின் தீர்மானிக்கிறார். முதலில் பேசுகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் முதலிடத்தில் இருக்கையில் மிக நல்ல சீட்டுக்கே ஆடுக. கடைசி இடத்தில் சற்று விரிவாக ஆடலாம்.

பொய்ப்பந்தயத்தைப் பற்றி இளைஞர்கள் மிக ஆவலோடு கேட்கிறார்கள். திரைப்படங்களில் பார்த்திருக்கிறார்கள் போலும்! ஜான் வான் நாய்மன் என்னும் கணித மேதை, மார்கென்ஸ்டர்ன் என்பவரோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கரையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். பொய்ப்பந்தயம் குணக்கேடன்று, கணக்கில் அதற்கோர் இடமுண்டு, எப்போதும் உண்மையே கட்டுகிறவருடைய நல்ல சீட்டுக்கு யாரும் பணம் வைக்கமாட்டார்கள் என்பது அதன் சாரம். ஆனால் தொடக்கநிலையினருக்கு நான் சொல்வது ஒன்றே: விலகத் தெரியாதவரிடம் பொய்ப்பந்தயம் கட்டாதீர்கள். 2017இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஒரு கணிப்பொறி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 கைகள் ஆடி வென்றது. அதற்கு முகமில்லை, பிறர் முகத்தைப் பார்க்கவுமில்லை. கண்ணசைவைப் படித்து வெல்வது என்பது பெரும்பாலும் கதை.

நிற்க. இது திறமையா, சூதா என்னும் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. செகந்திராபாதில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியது குறித்த வழக்கில், 1967 நவம்பரில் உச்சநீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, மூன்று சீட்டு அவ்வாறன்று என்று வேறுபடுத்தியது. போக்கரைப் பற்றியோ ஒருமித்த முடிவில்லை. மேற்கு வங்கச் சட்டம் 1957இலேயே அதனைச் சூதின் வரையறையிலிருந்து விலக்கியது. குஜராத் உயர்நீதிமன்றம் 2017இல் அது சூதே என்றது. சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, இணையவழியில் பணம் வைத்து ஆடுவதைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றித் தடுத்தது. நீதிபதிகளே வேறுபடும் இடத்தில் நான் தீர்ப்புக் கூறத் துணியேன். எனக்குத் தெரிந்தது என் வீட்டு வழக்கு ஒன்று.

1979ஆம் ஆண்டு தீபாவளிக்கு முதல்நாள். அலுவலகத்தில் போனஸ் வாங்கி, கோளிவாடாவில் ஒரு நண்பர் வீட்டில் மூன்று சீட்டுக்கு அமர்ந்தேன். ரம்மியில் நான் கெட்டிக்காரன் என்று இரயிலில் பெயர் வாங்கியிருந்தேன். அப்பெயரே என்னைக் கெடுத்தது. முதல் மணியில் நூறு ரூபாய் போயிற்று. அப்போதே எழுந்திருக்கலாம். போன நூறை மீட்கவேண்டும் என்று அமர்ந்தேன். இரவு ஒருமணிக்கு எழுந்தபோது சட்டைப்பையில் இரயில் பாஸ் மட்டும் இருந்தது. சீட்டு எனக்குத் துரோகம் செய்யவில்லை. முன்பு சொன்ன 20, 40, 80 கணக்கை அறிந்தவனாயிருந்தும், என் பணத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. விடிந்ததும் எண்ணெய் காய்ச்சி, குழந்தையைக் குளிப்பாட்டி, பழைய சட்டையைத் துவைத்து மடித்தபடி எடுத்துப் போட்டாள். அவளுடைய வளையல் ஒன்று அந்த மாதம் அடகுக் கடைக்குப் போய், மறு ஆண்டு ஆடியில்தான் திரும்பியது. அவள் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். இதைச் சொல்ல நேற்றே அனுமதி பெற்றேன்.

அன்றுமுதல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். ஆடிய நாள், எத்தனை மணி நேரம், ஏன் விலகினேன், ஏன் விலகவில்லை என்று எழுதுவேன். வென்றதை நினைவு வைத்துத் தோற்றதை மறப்பது மனத்தின் இயல்பு, ஏடு அப்படி மறப்பதில்லை. கைபேசியில் இரவெல்லாம் ஆடிச் சம்பளத்தை விட்ட பிள்ளைகள் நம் குடியிருப்பிலேயே உண்டு என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். அவர்களில் ஒருவரிடமும் ஏடு இருந்ததில்லை.

ஆகவே நம் வகுப்பின் ஏற்பாடு இது. அடுத்த சனிக்கிழமை மாலை ஆறுமணிக்கு இதே கூடத்தில் தொடங்குவோம். காசு வைக்கக் கூடாது. ஆளுக்கு நூறு புளியங்கொட்டை, அது மாதம் முழுமைக்கும். தீர்ந்துவிட்டால் மறுமாதம் வரை பக்கத்தில் அமர்ந்து பார்க்கலாம், கடன் கிடையாது. கொட்டைதானே என்று அள்ளி வைப்பவருக்கு ஆட்டம் வராது என்பதாலேயே இக்கட்டுப்பாடு. எட்டு மணிக்கு, வென்றவரும் தோற்றவரும் ஒருசேர எழுந்துவிட வேண்டும். நாற்பது பக்க ஏடு ஒன்று கொண்டு வருக. குடியிருப்புத் தாய்மார்கள் இந்த வாரம் புளி கரைக்கும்போது கொட்டைகளை எறிந்துவிடாமல் கழுவி உலர்த்திக் கொடுத்துதவுமாறு வேண்டிக்கொள்கிறேன்.