கையெழுத்துப் போட்டாச்சு, இனி காசு வருமா?

போன வாரம் எபிசோட் வரலை, மன்னிச்சிடுங்க. கொல்லிமலையில, செம்மேட்டுல சித்தப்பா வீட்டுல இருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவையும் அவரோட புதுக் கார்லதான் ஏறினோம். மிளகும் காபியும் வித்துச் சேர்த்த காசுல முன்பணம் கட்டி, மிச்சத்துக்குக் கடன் போட்டு எடுத்த கார்.

ராத்திரி சாப்பிட்டதுக்கப்புறம் பில் ஃபைலைக் கொண்டு வந்து கொடுத்தார். "ஏன் கண்ணு, சொன்ன விலை ஒண்ணு, கட்டினது ஒண்ணா இருக்குதே?" பார்த்தா நாலு ஐட்டம் உள்ள ஏறியிருக்கு. எக்ஸ்டெண்டட் வாரன்டி 18,000, அண்டர்பாடி கோட்டிங் 9,500, ரோடுசைடு அசிஸ்டன்ஸ் 3,000, கடனோட ஒட்டின ஒரு லைஃப் இன்சூரன்ஸ் பாலிசி 31,000. மொத்தம் 61,500 ரூபாய். எல்லாமே கட்டாயம்னு ஷோரூம்ல சொல்லியிருக்காங்க.

இதுல ஒண்ணுகூட கட்டாயம் இல்லை. இன்சூரன்ஸ்னு பார்த்தா, புதுக் காருக்குச் சட்டப்படி தேர்ட் பார்ட்டி வேணும். 2018 செப்டம்பர்ல இருந்து அதை 3 வருஷத்துக்குச் சேர்த்து எடுக்கணும். அதையும் ஷோரூம்லதான் எடுக்கணும்னு இல்லை. "இதை வாங்கினாதான் அதைத் தருவேன்"னு சொல்றது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தப்பு. ஆப்ல நமக்குத் தெரியாம கார்ட்டுல பொருளைச் சேர்த்தா அதுக்கு பாஸ்கெட் ஸ்னீக்கிங்னு பேரு. ஆன்லைன் கடைகளுக்கு அதைத் தடை பண்ணி 2023ல வழிகாட்டு விதியே வந்தாச்சு. ஷோரூம்ல அதையே பேனாவுல பண்றாங்க, அவ்வளவுதான்.

"கையெழுத்துப் போட்டுட்டேனே கண்ணு, இனி என்ன பண்ண?" அவர் குரல்ல கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்துச்சு. எனக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

நான் முதல்ல ஒரு தப்புப் பண்ணேன். எல்லாத்தையும் கேன்சல் பண்ணுங்கனு சேல்ஸ் ஆளுக்கு ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். ரெண்டு நீல டிக் வந்துச்சு, பதில் வரலை. அப்புறம்தான் உறைச்சது: நாலு காகிதம், ஆனா கொடுத்தவங்க வேற வேற. பாலிசி இன்சூரன்ஸ் கம்பெனியோடது, வாரன்டி கார் கம்பெனியோடது, கோட்டிங் ஷோரூமோடது. யார் பேர்ல காகிதம் இருக்கோ அவங்களுக்குத் தனித்தனியா ஈமெயில் போடணும், ஷோரூமுக்கு ஒரு காப்பியோட.

பெரிய தொகை பாலிசிதான், அதுக்குத்தான் கெடுவும் இருக்கு. லைஃப் பாலிசிக்கு ஃப்ரீ லுக்னு ஒரு வசதி உண்டு. 2024 விதிகள்படி, பாலிசி நம்ம கைக்கு வந்ததுல இருந்து 30 நாளுக்குள்ள வேணாம்னு சொல்லலாம். அந்தக் கொஞ்ச நாள் கவர் இருந்ததுக்கான தொகை, முத்திரைத் தீர்வை, மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருந்தா அந்தச் செலவு, இதை மட்டும் கழிச்சுட்டு மீதியைக் கொடுக்கணும். சித்தப்பாவோட ஈமெயில்ல பாலிசி வந்து 19 நாள் ஆகியிருந்துச்சு. அவர் திறந்துகூடப் பார்க்கலை. இழுத்தடிச்சா ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா தளத்துலயோ 155255 நம்பர்லயோ புகார் கொடுக்கலாம். எங்களுக்கு அது தேவைப்படலை, பணம் வந்துடுச்சு. ஆனா கைக்கு இல்லை, கடன் கணக்குக்கு! பிரீமியத்தையும் கடன்லயே சேர்த்திருந்தாங்க. இப்படி ஆனா லோன் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கி, அசல் குறைஞ்சிருக்கானு பாருங்க.

கோட்டிங் அடிச்சாச்சு, அது போனது போனதுதான். ரோடுசைடு அசிஸ்டன்ஸை விட்டுடுனு சித்தப்பாவே சொல்லிட்டார். "நாப்பதாவது வளைவுல நின்னுட்டா யாராச்சும் வரணும்ல?" அங்க வரைக்கும் வருவாங்களானு கேட்க நான் போன் போட்டேன். லொகேஷனைப் பார்த்துட்டு சொல்றோம்னாங்க. சரி, இருக்கட்டும்.

வாரன்டிதான் இன்னும் இழுக்குது. கார் கம்பெனி கொடுக்கிற வாரன்டி முடிஞ்சாதான் இது ஆரம்பிக்கும், அதனால ஒரு நாள்கூட யூஸ் பண்ணலை. கேன்சல் பண்ணலாம்னு அவங்க விதிமுறைப் புத்தகத்துலயே இருக்கு. ஆனா ஷோரூம் பணமா தர மாட்டேங்குது, அந்தத் தொகைக்கு சீட் கவர் எடுத்துக்கோங்கனு சொல்லுது. 1915ல, அதாவது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல, புகார் பதிஞ்சு நம்பர் வாங்கியாச்சு. அதுலயும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. சித்தப்பா நாமக்கல் போய் வர ரெடியா இருக்கார்.

பணம் வந்தா அடுத்த எபிசோட்ல சொல்றேன். வரலைன்னாலும் சொல்றேன்.