மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் நாளை எண்ணுங்கள்
(குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஓர் அம்மா தம் கைப்பேசியில் ஒரு கடிதத்தைக் காட்டினார். மகன் ஆஸ்திரேலியாவில் பழத்தோட்டத்தில் வேலை செய்கிறார். "வேலை விசா எடுத்துத் தருகிறேன்" என்று ஏஜெண்டு பணம் வாங்கியிருக்கிறார். உண்மையில் அவர் பதிந்தது அகதிப் பாதுகாப்பு மனு! அது மறுக்கப்பட்ட கடிதமும் ஏஜெண்டுக்கே போயிருக்கிறது. மகன் கைக்கு வந்தபோது மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

இந்த நிலை இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது. ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

விசாவோடு போனவரின் மனுவை அரசு மறுத்தால், நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். காவலில் இல்லாதவருக்கு 28 நாள். காவலில் இருப்பவருக்கு இன்னும் குறைவு. தவணை தாண்டினால் தீர்ப்பாயம் ஏற்காது. நம் கதையை முழுதாகக் கேட்கும் இடம் இதுதான். காவல் நிலையப் புகார், மருத்துவச் சான்று எல்லாவற்றையும் இங்கேயே கொடுத்துவிட வேண்டும்.

அங்கேயும் தோற்றால் நீதிமன்றம். தவணை 35 நாள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பாயம் முடிவு செய்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் அகதியா இல்லையா என்று நீதிபதி பார்க்கமாட்டார். முடிவெடுத்தவர் சட்டப்படி நடந்தாரா என்பதை மட்டும் பார்ப்பார். வென்றாலும் விசா கிடைக்காது, வழக்கு மீண்டும் தீர்ப்பாயத்துக்கே போகும்.

அப்படியானால் நீதிமன்றம் எதற்கு என்று கேட்பீர்கள். குயின்ஸ்லாந்தின் பிலோலா ஊரில் வாழ்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் விடியற்காலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். பெற்றோரின் வழக்குகள் தோற்றன. 2019 ஆகஸ்டில் விமானத்தில் ஏற்றியும் விட்டார்கள். நள்ளிரவில் கிடைத்த தடை உத்தரவால் விமானம் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்துமஸ் தீவில் அடைத்தார்கள். 2020இல் கூட்டரசு நீதிமன்றம், இளைய மகளின் விவகாரத்தில் முறையான நியாயம் காட்டப்படவில்லை என்றது. அந்தத் தீர்ப்பு விசா தரவில்லை, காலத்தைத் தந்தது. அந்தக் காலத்தில் ஊர் மக்கள் விடாமல் போராடினார்கள். 2022 ஆகஸ்டில் நிரந்தர விசா வந்தது.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. கடிதத்தின் தேதியை அன்றைக்கே எழுதி வையுங்கள். எல்லாத் தாளுக்கும் நகல் வைத்திருங்கள். பதிவு பெற்ற ஆலோசகரையோ வக்கீலையோ மட்டும் நம்புங்கள். இடைக்கால விசா இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொய்க் கதை எழுதச் சொல்லும் ஏஜெண்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பொய் உங்களோடு நிற்காது. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரின் உண்மையையும் அது சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

இன்றிரவே பிள்ளைகளுக்குப் போன் போடுங்கள். "எதில் கையெழுத்துப் போட்டாய்?" என்று கேளுங்கள்.