கமரா வாங்கப் போகின்றவருக்கு



நாவலப்பிட்டியை அறிந்தவர்கள் அதன் மழையையும் அறிந்திருப்பார்கள். 1874ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை எங்கள் ஊரை வந்தடைந்தது. இங்கிருந்து கலபொட, வட்டவளை என்று மலையேறி அட்டனை நோக்கிச் செல்லும் அப்பாதையிலே, வட்டவளை இந்நாட்டில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாகும். மே மாதத்திலே தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கிவிட்டால், பிற்பகல் மூன்று மணிக்கே வீட்டினுள் விளக்கேற்ற வேண்டிய நாள்கள் பல உண்டு. கமராவைப் பற்றிப் பேச வந்தவன் மழையைப் பற்றிப் பேசுகின்றானே என்று நீங்கள் எண்ணக்கூடும். எங்கள் ஊரிலே கமரா வாங்குகின்றவன் முதலிற் சிந்திக்க வேண்டியது இந்த மழையையும் இருட்டையுந்தான் என்பது என் கருத்து.

சில மாதங்களுக்கு முன்னர் என் மருமகன் என்னிடம் வந்தான். அவன் ஒரு தோட்டப் பாடசாலையிலே ஆசிரியன். கையிலே ஒரு சிறு டிஜிட்டல் கமரா. பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் வகையைச் சேர்ந்தது. "மாமா, இதை விட்டுவிட்டு எஸ்.எல்.ஆர். கமரா ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். எதை வாங்கலாம்?" என்றான். எதற்கு என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "அப்பாயியைப் படம் எடுக்க" என்றான்.

அந்தத் தயக்கத்தின் காரணம் எனக்குத் தெரியும். அவனுடைய அப்பாயியின் கணவர் காலமானபோது, சுவரிலே மாட்டுவதற்கு அவருடைய படம் ஒன்றும் இல்லை. அடையாள அட்டைக்கென எடுத்த தபால்தலை அளவுப் படத்தைப் பெருப்பித்துச் சட்டமிட்டார்கள். பெருப்பித்ததனால் கண்கள் இரண்டும் சாம்பல் நிறப் புள்ளிகளாய்க் கரைந்துபோயின. நாற்பது ஆண்டுகள் தேயிலை மலையில் உழைத்த ஒரு மனிதரின் முகம் இப்போது அந்த வீட்டிலே அவ்வளவுதான். மலையகத்து லயங்களிலே இத்தகைய படங்கள் எத்தனையோ உண்டு. அப்பாயிக்கும் அதே கதி நேரக்கூடாது என்பது அவன் எண்ணம்.

சிறு கமராவால் அவன் முயன்று பார்க்காமல் இல்லை. லயத்துக் காம்பராவிலே ஒளி வருவது வாசல் வழியாக மட்டுமே. அங்கே அமர்ந்திருந்த கிழவியை அவன் எடுத்த படங்கள் மங்கிக் குழம்பியிருந்தன. மின்வெட்டொளியைப் பயன்படுத்தியபோதோ முகம் சுண்ணாம்பு பூசியது போலத் தட்டையாகி, பின்சுவரிலே கரிய நிழல் விழுந்திருந்தது. கைப்பேசி இதைவிட நன்றாகச் செய்தது என்பதையும் சொல்லவேண்டும். இக்காலத்துக் கைப்பேசிகள் கணப்பொழுதிற் பல படங்களை எடுத்து, அவற்றைக் கணித்து ஒன்றாக்குகின்றன. கைப்பேசித் திரையிற் பார்ப்பதற்கு அது போதும். பெரிதாக அச்சிட்டுப் பார்த்தபோது, அப்பாயியின் முகத்துச் சுருக்கங்கள் மெழுகு வழித்தது போலத் தேய்ந்திருந்தன. அந்தச் சுருக்கங்களுக்காகத்தானே படம் எடுப்பது!

இதற்குக் காரணம் எளியது. கமராவினுள்ளே ஒளியை வாங்கும் தகடு ஒன்று உண்டு. அதை ஒளியுணரி என்பர். சாதாரணச் சிறு கமராவிலே அதன் அளவு ஏறக்குறைய 6 மில்லிமீற்றருக்கு 4½ மில்லிமீற்றர். சிறுவிரல் நகத்தைவிடச் சிறியது. சாதாரண எஸ்.எல்.ஆர். கமராவிலே அது ஏறக்குறைய 23க்கு 15. பரப்பைக் கணக்கிட்டால் பன்னிரண்டு மடங்குக்கு மேல். வாசலிலே ஒரு கிண்ணத்தை வைத்தால் எவ்வளவு மழைநீர் சேரும், ஓர் அண்டாவை வைத்தால் எவ்வளவு சேரும் என்று எண்ணிப்பாருங்கள்.

எஸ்.எல்.ஆர். என்பதன் அமைப்பையும் இரண்டு வார்த்தைகளிற் சொல்லிவிடுகின்றேன். வில்லையின் வழியே வரும் ஒளியை உள்ளே சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பி நமது கண்ணுக்கு அனுப்புகின்றது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி எழும்பி வழிவிட, ஒளி உணரியிலே படுகின்றது. "டக்" என்று கேட்கும் ஒலி பெரும்பாலும் அக்கண்ணாடியினுடையதே. கண் காண்பது உண்மையான ஒளியை ஆதலால், திரையெரிக்கும் மின்சாரம் மிச்சம். ஒருமுறை மின்னேற்றினால் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கலாம். மழைக்காலத்திலே மின்சாரம் போய்விடும் தோட்டங்களில் இது சிறிய நன்மை அன்று.

என் மருமகன் கமராக்களின் விபரங்களை ஒரு கொப்பி நிறைய எழுதிவைத்திருந்தான். முதல் வரியிலே மெகாபிக்சல். "இது இருபத்துநான்கு, அது பதினெட்டு" என்றான். சுவரிலே மாட்டும் படம் எவ்வளவு பெரிது என்று கேட்டேன். பத்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் என்றான். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் நேர்த்தியாக அச்சிடுவதற்கும் அதற்கு வேண்டியது ஏறக்குறைய 11 மெகாபிக்சல்தான். பத்தாண்டுக்கு முந்திய கமராவும் அதைத் தரும். கொப்பியின் முதல் வரியை அடித்துவிடும்படி சொன்னேன்.

இரண்டாவது வரியிலே புதிய கமராக்களின் விலை இருந்தது. 2022ஆம் ஆண்டிலே நமது ரூபாய் வீழ்ந்த பின்னர், இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றும் ஓர் ஆசிரியனின் சம்பளத்தை ஏளனம் செய்வது போன்ற விலைக்கு வந்துவிட்டது. இதோடு உலகச் செய்தி ஒன்றும் உண்டு. 2018ஆம் ஆண்டிலே கனன், நிக்கோன் ஆகிய இரு பெருநிறுவனங்களும் அந்த உட்கண்ணாடி இல்லாத கமராக்களிலே புதிய வரிசைகளைத் தொடங்கின; அதன்பின் அவற்றின் கவனம் முழுவதும் அப்பக்கமே திரும்பிவிட்டது. எஸ்.எல்.ஆர். கமராக்களையே தொடர்ந்து செய்வோம் என்று 2020இல் வெளிப்படையாக அறிவித்தது பென்டாக்ஸ் என்ற பெயரில் விற்கும் நிறுவனம். ஆகவே எஸ்.எல்.ஆர். பழைய வகையாகிவிட்டது. பழைய வகையானதை வாங்குவதா என்று மருமகன் முகம் சுளித்தான். செல்வர்கள் புதியதற்கு மாறும்போது அவர்கள் விற்றுவிடும் நல்ல பொருள் நமது கைக்கு எட்டும் விலைக்கு வருகின்றது. அதிலே நமக்கென்ன நட்டம் என்றேன்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? பெரும்பாலானோர் தம்மிடமுள்ளதையெல்லாம் உடற்பகுதிக்குக் கொடுத்துவிட்டு, அதனோடு வரும் 18–55 வில்லையோடு வீடு திரும்புகின்றனர். வெயிலிலே எடுப்பதற்கு அவ்வில்லை போதும். முகத்தை எடுக்க அதை 55 வரை நீட்டினால், அதன் துவாரம் 5.6 என்ற எண்ணுக்குச் சுருங்கிவிடும். 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்று உண்டு. அதன் துவாரம் 1.8 வரை விரியும். எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. இரண்டுக்குமுள்ள வேறுபாடு ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி. ஒரு காம்பராவிலே முதல் வில்லைக்கு ஆறிலொரு விநாடி தேவைப்பட்டால், இரண்டாவதற்கு அறுபதிலொரு விநாடி போதும். ஆறிலொரு விநாடிக்குள் கிழவியின் தலை அசையும், நமது கையும் அசையும். அறுபதிலொரு விநாடியிலே, மூச்சை அடக்கிக்கொண்டால், படம் நிற்கும். பத்தாயிரம் இருபதாயிரத்தை உடற்பகுதியிற் குறைத்தேனும் இந்த வில்லையை வாங்கு என்றேன்.

அதற்கும் ஒரு குறை உண்டு. சாதாரண எஸ்.எல்.ஆர். கமராவிலே 50 மில்லிமீற்றர் வில்லை சற்றுத் தொலைநோக்கி போல நெருக்கிக் காட்டும். பத்தடி அறையிலே சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் ஒருவரை அரையளவிலேதான் எடுக்கலாம். குடும்பம் முழுவதையும் எடுக்க முடியாது. அதற்கு 35 மில்லிமீற்றர் வில்லை வேண்டும். அல்லது எல்லாரையும் இஸ்தோப்புக்கு அழைத்து வந்து, ஏற்கெனவே உள்ள 18–55 வில்லையாலேயே எடுத்துவிடலாம்.

வில்லை வாங்குமிடத்திலே ஒரு பொறியும் இருக்கின்றது. நிக்கோன் கமராக்களில் 3000, 5000 ஆகிய வரிசைகளிலே குவியத்தைத் திருப்பும் மோட்டார் உடலினுள் இல்லை. மோட்டார் தன்னுள்ளே அமைந்த வில்லைகளைத்தான் அவை தாமாகக் குவியப்படுத்தும். மலிவாகக் கிடைக்கின்றதே என்று பழைய 50 மில்லிமீற்றர் வில்லையை வாங்கிப் பொருத்தினால், கையாலே திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 7000 வரிசையிலே அம்மோட்டார் உண்டு. கனனிலே இந்தத் தொல்லை இல்லை. 1987ஆம் ஆண்டு முதல் வந்த அதன் ஈ.எஃப். வில்லைகளில் மோட்டார் வில்லையினுள்ளேயே இருக்கின்றது. பென்டாக்ஸின் டிஜிட்டல் கமராக்கள் பெரும்பாலானவற்றிலே கைநடுக்கத்தைத் தணிக்கும் ஏற்பாடு உடலிலேயே உண்டு. எனினும் நமது நாட்டிலே அதற்கு வில்லை தேடி அலைய வேண்டும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒருவரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரிலிருந்து மேலே போனால் பொகவந்தலாவைக் கோயில் முற்றத்திலே, ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். அவருக்கு நாற்பத்தெட்டு வயதான 1863ஆம் ஆண்டிலே, அவருடைய மகள் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தாள். அதைக்கொண்டு சில காலம் பழகிய பின்னரே, 15 அங்குலத்துக்கு 12 அங்குலக் கண்ணாடித் தகடு கொள்ளும் பெரிய கமராவுக்கு அவர் மாறினார். மனித முகத்தை அதன் இயற்கை அளவிலேயே காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். சிறிய தகட்டிலே அதற்கு இடமில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து இங்குள்ள தொழிலாளரையும் குடியானவரையும் படமெடுத்தார், 1879இல் காலமானார். அவரது படங்களிலே குவியம் மென்மையாக இருக்கின்றது என்று அக்காலத்தவர் குறைகூறினர். இன்று அந்த முகங்களைப் பார்ப்பதற்கென்றே மக்கள் நூதனசாலைகளுக்குச் செல்கின்றனர். பழைய கமரா எந்த இடத்திலே தம்மைத் தடுக்கின்றது என்று அறிந்து மாறியவர் அவர். என் மருமகனுக்கும் அந்த இடம் தெரிந்திருந்தது. காம்பராவின் வாசலுக்கு உள்ளே நாலடி. உங்களுக்கு அப்படியோர் இடம் இன்னும் தெரியாவிட்டால், இருக்கின்ற கமராவையே இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பொருள் வாங்குகின்றவர் சிலவற்றைத் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்திலே முதலாவது பூஞ்சணம். வில்லையின் ஒரு பக்கத்திலே டோர்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சி மறுபக்கத்தாற் பாருங்கள். சிலந்தி நூல் போலவோ, சாளரத்திற் படிந்த பனிக்கோடு போலவோ ஏதேனும் தென்பட்டால், விற்கின்றவர் எவ்வளவு இனியவராயினும் எழுந்து வந்துவிடுங்கள். பையைத் திறந்து மோந்தும் பாருங்கள். பூஞ்சண நெடி பொய் சொல்லாது. பின்னர் துவாரத்தை 16இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால், உணரியிலுள்ள தூசு கரும்புள்ளிகளாய்க் காட்சிதரும். அது துடைக்கக்கூடிய குறை. ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதையும் கேளுங்கள். சாதாரண எஸ்.எல்.ஆர். கமராக்கள் பலவற்றிலே அது ஓர் இலட்சம் முறை இயங்கும் வகையிற் செய்யப்பட்டுள்ளது. நிக்கோனிலே அவ்வெண் ஒவ்வொரு படக்கோப்பிலும் பதிந்திருக்கும். கனனிலே பெரும்பாலும் தனி மென்பொருள் கொண்டுதான் அறிய வேண்டும்.

இவ்வளவும் கேட்ட மருமகன் கண்டிக்குப் போய், ஒரு பழைய கனன் உடற்பகுதியும் 50 மில்லிமீற்றர் வில்லையும் வாங்கிவந்தான். முதலிற் பார்த்த வில்லையிலே டோர்ச் வெளிச்சம் பட்டபோது நூல் தெரிந்ததாம். விட்டுவிட்டு இரண்டாவதை எடுத்திருக்கின்றான். ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, மழை ஓய்ந்த வேளையிலே, அப்பாயியை வாசலுக்கு உள்ளே ஒரு பலகையில் இருத்தி எடுத்தான். "பொறு, சேலையை மாத்திக்கிட்டு வாறேன்" என்று அவர் எழுந்து போய்விட்டதால் அரைமணி நேர வெளிச்சம் வீணாயிற்று. திரும்பி வந்து அமர்ந்தபோது இன்னும் இருண்டிருந்தது. ஆயினும் படம் விழுந்தது. ஒரு கண் கூர்மையாகவும் மற்றது சற்று மங்கலாகவும் இருக்கின்றது. துவாரத்தை அவ்வளவு விரித்தால் அது நேர்வதுதான். கழுத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகின்றது.

படத்தை அச்சிட்டுக் கொடுத்ததும் அப்பாயி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை இப்ப மாட்டாதே" என்றாராம். அது பெட்டிக்குள்ளே, பட்டுச் சேலைக்கு அடியிலே இருக்கின்றது. கமராவோ, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றினுள்ளே சிலிக்கா ஜெல் பொட்டணங்களோடு இருக்கின்றது. தோற்பைக்குள்ளே வைக்காதே, தோல் ஈரத்தைப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கின்றேன். நிறம் மாறியதும் அந்த மணிகளைச் சட்டியிலிட்டு இளஞ்சூட்டிலே காய்ச்சி மீண்டும் பயன்படுத்துகின்றான். மழை விட்ட நாள்களிலே மற்றக் காம்பராக்காரர்கள் அவனைத் தேடி வரத் தொடங்கியிருக்கின்றார்கள்.