வேலை தருகிறோம் என்று வருபவர்கள்



'துண்டு' என்று நம்ம பாட்டன்மார் சொல்வார்கள். இந்த ஆளின் கடன் இவ்வளவு, கட்டினால் விடுவோம் என்று துரை எழுதிய சீட்டு. 1921இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். கடனால் ஆளைக் கட்டும் வித்தை நிற்கவில்லை.

இங்கிலாந்தில் 2019இல் தீர்ப்பான வழக்கொன்று. நல்ல வேலை என்று ஆசை காட்டி, போலந்திலிருந்து ஏழைகளை ஒரு கும்பல் கூட்டிவந்தது. 400 பேருக்கு மேல் என்பது பொலிஸ் கணக்கு. குப்பை பிரிக்கும் இடங்களிலும் பண்ணைகளிலும் வேலை. சம்பளம் ஒழுங்காகத்தான் விழுந்தது. ஆனால் பேங்க் கணக்கு கும்பலின் கையில்! வந்த செலவு, வாடகை என்று கழித்துவிட்டுக் கொஞ்சக் காசு கொடுத்தார்கள். சம்பளப் பட்டியலைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பல பேர் சம்பளம் ஒரே கணக்குக்குப் போகிறதா, ஒரே விலாசத்தில் எத்தனை பேர் என்று கம்பனிதான் தேடிப் பார்க்க வேண்டும்.

லயத்துக்கும் ஏஜென்ட் வருகிறார், முற்பணமும் நீட்டுகிறார். வாங்குமுன் யோசியுங்கள். அடையாள அட்டை, பாஸ்போட், பேங்க் புத்தகம் எதையும் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாடு என்றால் லைசன்ஸ் உண்டா என்று 1989க்குக் கோல் எடுத்துக் கேளுங்கள். பேசத் தயக்கமா? கிளினிக் நாளில் வாங்க, சேர்ந்து எடுப்போம்.