முதல் வளைப்பும் முழுப் பருவமும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வாடை அடங்கியதும் நாயாற்றுக் கடலில் கரைவலை இறங்குகிறது. முதல் வளைப்பில் மடி வெறுமையாக வந்ததென்று எந்தச் சம்மாட்டியாவது வலையைக் கொளுத்தியதுண்டா? "நாளைக்குப் பார்ப்பம்" என்று சொல்லி, வலையை உலரப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். பங்குனியில் இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெற் தொடங்கும்போது மட்டும் அந்தப் பொறுமை நம்மிடம் தங்குவதில்லை. சென்னையும் மும்பையும் மோதும் இரவில், ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் இருவர் இரண்டு கட்சியாகிப் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிடுகிறார்கள். உழைத்த காசைப் பந்தயத்தில் வைப்போரும் உண்டு.

2025ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ், மும்பை இந்தியன்ஸை 4 விக்கெற்றுகளால் வென்றது. இரு அணிகளுக்கும் அதுவே அவ்வாண்டின் முதலாட்டம். மும்பையின் கதை முடிந்ததென்று அன்றிரவே தீர்ப்பெழுதினோர் பலர். முதல் 5 ஆட்டங்களில் நான்கில் மும்பை தோற்றபோது அவர்கள் குரல் இன்னும் உயர்ந்தது. பின்னர் நடந்ததென்ன? மும்பை தொடர்ந்து 6 ஆட்டங்களை வென்றது. அவற்றுள் ஒன்று, ஏப்ரல் 20ஆம் நாள் சென்னையை 9 விக்கெற்றுகளால் வீழ்த்தியது. இறுதிச் சுற்றுக்குத் தேறிய நான்கு அணிகளுள் மும்பையும் ஒன்று. சென்னையோ 10 அணிகளுள் பத்தாவது!

இது ஓராண்டு விந்தையன்று. 2013 முதல் 2025 வரை ஒவ்வோராண்டும் மும்பை தன் முதலாட்டத்தில் தோற்றது. அவ்வணி அதுவரை பெற்ற 5 கிண்ணங்களும் அந்த ஆண்டுகளுக்குள்ளேயே பெற்றவை. 2015இல் முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. நான்காவது தோல்வி சென்னையிடம். அணித்தலைவர் ரோகித் சர்மாவை எவரும் விலக்கவில்லை. காயமுற்ற ஆரோன் பிஞ்சுக்குப் பதிலாக லென்டில் சிம்மன்ஸ் வந்தார், பார்த்திவ் பட்டேலோடு ஆட்டத்தைத் தொடக்கினார். மே 24ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த இறுதியாட்டத்தில் அதே சென்னை 41 ஓட்டங்களால் தோற்றது. சிம்மன்ஸ் 68, ரோகித் 50.

சென்னைக் கட்சியார் முகம் வாட வேண்டாம். 2010இல் நமது முத்தையா முரளிதரன் ஆடிய சென்னை அணி முதல் 7 ஆட்டங்களில் இரண்டையே வென்றிருந்தது. தர்மசாலாவில் டோனி கடைசி ஓவரில் விளாசியிராவிட்டால் அரையிறுதியே இல்லை. அப்படித் தப்பிப் பிழைத்த அணிதான், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்ற மும்பையை இறுதியாட்டத்தில் 22 ஓட்டங்களால் வென்றது.

எதிர்க் கட்சியாருக்கும் ஒரு நியாயமுண்டு. நமது எல்லேக்கு உறவான அமெரிக்கப் பேஸ்போலில் ஓரணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஏழெட்டுத் தோல்வி கடலில் கரைத்த உப்பு. இங்கே முதற் சுற்றில் 14 ஆட்டங்களே. ஆகவே ஒவ்வொன்றும் கனமானது. 2019இல் மும்பை சென்னையைச் சந்தித்த நான்கு முறையும் வென்றது. முதலில் கண்டதே முடிவிலும் நின்றது. ஆயினும் அந்த இறுதியாட்டத்தின் வித்தியாசம் ஒரேயொரு ஓட்டம்!

அப்படியானால் ஆரம்ப ஆட்டங்களில் பார்க்க வேண்டியது எதை? தோற்ற விதத்தை. நாணயச் சுழற்சியில் தோற்று, இரவுப் பனியில் நனைந்த பந்தோடு மல்லாடித் தோற்பது ஒன்று. நேரான பந்தை ஆடத் தெரியாமல் விழுவது வேறொன்று. முன்னது தானே மாறும். பின்னதற்குப் பயிற்சி வேண்டும். புள்ளிப் பட்டியல் இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

இவ்வளவும் தூர தேசத்து ஆட்டம். நமது மைதானத்துக்கு வருவோம். இங்கே இரண்டு ஆட்டம் தோற்றவுடன் தலைவரை மாற்றுகிறோம். மூன்றாவதில் தோற்றால் குழுவே இரண்டாகிறது. ஓர் ஓவரில் நான்கு பவுண்டரி கொடுத்த பதினாறு வயதுப் பையன் மறுவாரம் மைதானத்துக்கே வருவதில்லை. அவனைக் கூப்பிட்டு வரவும் எவரும் போவதில்லை.

சங்கத்தின் விளையாட்டுப் பகுதியினருக்கு நம் விண்ணப்பம் ஒன்றுண்டு. வரும் பருவத்தில் முதல் நான்கு ஆட்டங்கள் முடியும்வரை தலைவரையும் பந்துவீச்சாளரையும் மாற்றுவதில்லையென இன்றே ஒரு தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பையன் வீட்டுக்கு இன்று மாலையே யாராவது ஒருவர் போய் வாருங்கள்.