வினைச்சொல்லான ஒரு குடும்பப் பெயர்



பால் பாக்கெட்டின் மேல் 'பாஸ்சரைஸ்டு' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் குடும்பப் பெயரிலிருந்து ஆங்கிலம் உண்டாக்கிக்கொண்ட வினைச்சொல் அது.

விஞ்ஞானிகளின் பெயர்கள் அலகுகளாவது சாதாரணம். வாட், வோல்ட், ஆம்பியர், நியூட்டன் எல்லாம் அப்படித்தான். எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கின்றன. ஒருவர் பெயரே ஒரு செயலின் பெயராவது அபூர்வம். இத்தாலியின் கால்வானி அப்படி ஒருவர். தவளைக் காலை வைத்து மின்சாரத்தை ஆராய்ந்த அவருடைய பெயர்தான் 'கால்வனைஸ்' என்ற வினையாகி, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்க்கு நம் பிளம்பர்கள் சொல்லும் ஜி.ஐ. பைப்பில் 'ஜி' என்ற ஒற்றை எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பாஸ்டரின் பெயர் அளவுக்கு வீட்டுக்குள் வந்த பெயர் வேறில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பிரெஞ்சு மொழியில் 'பாஸ்டர்' என்றால் ஆடு மேய்ப்பவர். கிறிஸ்தவச் சபைப் போதகரையும் அதே சொல்லால் குறிப்பார்கள். நம் ஊர்ச் சபைகளில் 'பாஸ்டர் ஐயா' என்று அழைக்கிறார்களே, அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இந்தக் குடும்பப் பெயருக்கும் லத்தீன் வேர் ஒன்றே. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது தற்செயல்தான். ஆனால் பிழையான தற்செயல் அல்ல.

1822-இல் பிரான்சின் டோல் என்ற ஊரில் பிறந்தார் பாஸ்டர். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி. பையன் வளர்ந்தது அர்புவா என்ற சிற்றூரில். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அந்த ஊர் ஒயின்தான் பிற்பாடு அவருடைய ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தது. பிரெஞ்சு ஒயின் பீப்பாயிலும் புட்டியிலும் புளித்துக் கெட்டுப்போய், வியாபாரிகள் தவித்த காலம் அது. காரணம் கண்டுபிடிக்கச் சொல்லிப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே கேட்டுக்கொண்டார். நுண்ணோக்கியில் பார்த்த பாஸ்டர், ஒயினைக் கெடுப்பவை அதற்குள் வளரும் நுண்ணுயிர்கள் என்று காட்டினார். 50, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் ருசியும் போகாது, ஒயினும் கெடாது என்று கண்டார். 1865-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஆக, பாஸ்டர் இந்த முறையை வகுத்தது பாலுக்காக அல்ல, ஒயினுக்காக. பாலுக்கு இதைச் செய்யலாம் என்று 1886-இல் முன்வைத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் பிரான்ஸ் சோக்ஸ்லெட். அதற்குள் 'பாஸ்சரைஸ்' என்ற வினை ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. எனவே பாலைச் சூடாக்குவதும் பாஸ்டர் பெயரிலேயே நடந்தது. இதில் சோக்ஸ்லெட்டுக்கு அநியாயம் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கெடுப்பது நுண்ணுயிர், அதைக் கொல்ல இவ்வளவு சூடு போதும் என்ற அடிப்படை பாஸ்டருடையது. பாத்திரத்தில் இருப்பது மட்டும்தான் மாறியது.

அந்த மாற்றம் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். காசநோயும் டைபாய்டும் பால் வழியாகப் பரவிக் குழந்தைகளைக் கொன்ற நகரங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறைய. 1908-இல் சிகாகோ நகரம் பாஸ்சரைஸ் செய்வதைச் சட்டமாக்கியது. இன்று பெரிய பால் பண்ணைகளில் பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்திருந்து, உடனே குளிரவைக்கிறார்கள். கொதிநிலை வரை போவதே இல்லை. நோய் தரும் கிருமிகள் மடிகின்றன. எல்லாக் கிருமிகளும் அல்ல. அதனால்தான் அந்தப் பாலையும் குளிரிலேயே வைக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ஆட்பெயருக்கு முதல் எழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள். 'பாஸ்சரைஸ்' என்பதில் அதுவும் போய்விட்டது. சொல்கிறவருக்கு அங்கே ஒரு மனிதர் இருப்பதே நினைவில்லை. ஒரு பெயருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது என்பது என் எண்ணம். கோழிக் காலராவை உண்டாக்கும் பாக்டீரியா பேரினத்துக்கும் 'பாஸ்சரெல்லா' என்று அவர் பெயரை வைத்தார்கள். அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வரவில்லை.

அவர் பெயரில் இன்னொரு சொல்வழக்கு இருந்தது, இப்போது மறைந்துவிட்டது. 1885 ஜூலையில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனை வெறிநாய் கடித்துவிட, பாஸ்டரின் தடுப்பூசி அவனுக்குப் போடப்பட்டது. பையன் பிழைத்தான். அதற்குப் பிறகு நெடுங்காலம், நாய்க்கடிக்குப் போடும் ஊசியை ஆங்கிலத்தில் 'பாஸ்டர் சிகிச்சை' என்றே சொன்னார்கள். உலகம் அவரைக் கொண்டாடியது இதற்காகத்தான். ஆனால் தடுப்பு மருந்துகள் மாற மாற அந்தப் பேச்சும் நின்றுபோயிற்று. பெயர் மட்டும் 1907-இல் நீலகிரியில் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் நிற்கிறது. வெறிநாய் கடித்தவர்கள் தென்னிந்தியாவின் பல ஊர்களிலிருந்து அந்த ஊசிக்காகவே அந்த மலைக்கு ஏறி வந்தார்கள்.